எஃகு என்பது எழுத்து மட்டுமா?



ஆய்த எழுத்து வரும் சொல் ஒன்று சொல் என்று எந்தத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் "எஃகு" என்று உடனே பதில் வரும். அந்த எழுத்தை அடுப்புப் போல மூன்று புள்ளி வைத்து அழகாக எழுதியும் காட்டிவிடும். "சரி, எஃகு என்றால் என்ன? வீட்டில் எஃகாலான பொருள் ஒன்றைக் காட்டு" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை விழிக்கும். பக்கத்தில் நிற்கும் பெரியவர்களும் சற்றே தயங்குவார்கள். கையில் இருக்கும் கவ்வாத்துக் கத்தியும், சமையலறை எவர்சில்வர் குவளையும், கூரைத் தகரமும், கட்டடத்துக் கம்பியும் எல்லாம் எஃகுதான் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இதை இம்மாதம் எழுதக் காரணம் உண்டு. கோலா தெர்லாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் தம் மகனுடைய பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பையன் இடைநிலைப்பள்ளியை முடித்துத் தொழிற்பயிற்சிக்குப் போயிருக்கிறான். இரும்பை உருக்கி வார்க்கும் வேலையில் அவனுக்கு நாட்டம். புத்தகம் மலாயில் இருக்கிறது. இயந்திரத்தின் மேல் ஆங்கிலம் எழுதியிருக்கிறது. "பையன் படிக்கிறது எனக்கு ஒண்ணும் புரியலை சார். இதுக்கெல்லாம் தமிழ்ல பேர் இருக்கா? இல்லை, நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதிலாக நான் சொல்லப் போவது ஒன்றே. இரும்பு உருக்கும் ஆலையில் வழங்கும் சொற்களில் பாதிக்கு மேல் அந்தத் தாயாரின் சமையலறையிலேயே இருக்கின்றன. அவருக்கு அவை தெரியாதவை அல்ல. தெரியும் என்பதை இதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உலை வைத்தாயிற்றா?

காலையில் பிரட்டுக்குப் போகுமுன் "உலை வைத்துவிட்டாயா?" என்று கேட்கிறோம். அரிசி போடுவதற்காகக் கொதிக்கும் நீர்தான் நம் வீட்டு உலை. கொல்லன் இரும்பைக் காய்ச்சும் நெருப்புக் குழிக்கும் உலை என்றே பெயர். பெரிய ஆலைகளில் பல மாடி உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கோபுரத்துக்கும் அதே பெயர்தான். அடியிலிருந்து சூடான காற்றை ஊதி எரிப்பதால் அதை ஊதுலை என்கிறோம்.

விறகடுப்பு மங்கினால் நம் பாட்டிமார் ஊதாங்குழலை எடுத்து ஊதுவார்கள். நெருப்பு ஏன் ஓங்குகிறது? காற்றில் உள்ள பிராணவாயு கரிக்குக் கிடைப்பதால் ஓங்குகிறது. ஊதுலையிலும் இதே வேலைதான் நடக்கிறது. பாட்டியின் வாய்க்குப் பதிலாக அங்கே இயந்திரம் ஊதுகிறது. அந்தக் காலத்துக் கொல்லன் பட்டறையில் இந்த வேலையைத் தோலால் செய்த துருத்தி செய்தது.

ஊதுலையின் மேல்வாய் வழியே மூன்று பொருள்களைக் கொட்டுவார்கள். ஒன்று இரும்புத்தாது, அதாவது இரும்பு கலந்த கல். இரண்டாவது கரி. மூன்றாவது சுண்ணாம்புக்கல். தாதுவில் இரும்பும் பிராணவாயுவும் பிரியாமல் சேர்ந்திருக்கின்றன. கரி எரிந்து உண்டாகும் வாயு அந்தப் பிராணவாயுவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இரும்பு தனித்து நிற்கிறது. ஆகவே கரி அங்கே சூடு தருவதோடு நிற்பதில்லை, இரும்பைப் பிரித்தெடுக்கும் வேலையையும் அதுதான் செய்கிறது.

சுண்ணாம்புக்கல் எதற்கு? தாதுவோடு மண்ணும் மணலும் கலந்து வரும். சுண்ணாம்பு அவற்றோடு சேர்ந்து எளிதில் உருகும் குழம்பாக மாறும். இப்படி இளகச் செய்வதால் பாடநூல்கள் இதற்கு இளக்கி என்று பெயர் வைத்திருக்கின்றன. அந்தக் குழம்பு இரும்பைவிட இலேசானது. பால் காய்ந்தால் ஆடை மேலே வருவதைப்போல உருகிய இரும்பின் மேல் மிதக்கும். அதைத் தனியே வடித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் கசடு. காப்பி வடிகட்டியபின் அடியில் தங்குவதும் கசடுதான். கல்வியைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவரும் கசடு நீங்கக் கற்க வேண்டும் என்றே சொல்லுகிறார். இரும்புக்கும் அதே பாடம்தான். கசடு உள்ளே தங்கினால் எவ்வளவு பெரிய உத்திரமும் ஒருநாள் அந்த இடத்தில் முறியும்.

ஒரே இரும்பு, மூன்று குணம்

இரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு என்று மூன்று பெயர் சொல்லுகிறோமே, வேறுபாடு என்ன? கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதே வேறுபாடு. சமையலில் உப்பைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரி ஏறக்குறைய இல்லாத இரும்பு தேனிரும்பு. நூறு பங்கில் 0.1 பங்குகூடக் கரி இராது. அது மென்மையானது. வளைக்கலாம், அடித்து நீட்டலாம், முறியாது. ஆனால் கூர் நிற்காது.

நூற்றுக்கு 2 பங்கு வரைக்கும் கரி இருந்தால் அது எஃகு. உறுதியும் உண்டு, வளையும் தன்மையும் உண்டு. கரி கூடக் கூடக் கடினமும் கூடும். கட்டடக் கம்பிக்குக் குறைந்த கரி போதும். கத்திக்கும் உளிக்கும் சற்று அதிகமாக வேண்டும்.

நூற்றுக்கு 2 பங்குக்கு மேல், பொதுவாக 4 பங்கு வரைக்கும் கரி ஏறிவிட்டால் அது வார்ப்பிரும்பு. இதில் ஒரு வசதி இருக்கிறது. தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வார்ப்பிரும்போ 1,200 டிகிரிக்கு முன்பின்னாகவே உருகி நீராக ஓடும். அதனால் வேண்டிய வடிவத்தில் ஊற்றி எடுப்பது எளிது. குறை என்னவென்றால் அது வளையாது, அடித்தால் உடைந்துவிடும். கனமான பழைய தோசைக்கல் காய்ந்திருக்கும்போது அதன்மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று மாமியார் சொல்வது வெறும் மிரட்டல் அன்று. மேற்பக்கம் சட்டென்று சுருங்க, அடிப்பக்கம் சுருங்காமல் நிற்க, கல் விரிசல் விட்டுவிடும்.

வார்ப்பது என்றால் ஊற்றுவது

வார்ப்பு என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். தோசை வார்க்கிறோம். கோயிலில் கஞ்சி வார்க்கிறோம். நல்ல செய்தி கேட்டால் வயிற்றில் பால் வார்த்தாய் என்கிறோம். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதும் வார்ப்பதே. அப்படி ஊற்றி எடுத்த பொருள் வார்ப்படம்.

அச்சு என்பதும் புதிய சொல் அன்று. தீபாவளிக்கு முறுக்கு பிழியும் அச்சு எல்லார் வீட்டிலும் உண்டு. வார்ப்படத் தொழிலில் அச்சைப் பெரும்பாலும் மணலால் செய்வார்கள். முதலில் வேண்டிய பொருளின் வடிவத்தில் மரத்தால் ஒரு மாதிரி செய்துகொள்வார்கள். அதைச் சுற்றிக் களி கலந்த மணலை இறுகத் திணிப்பார்கள். பிறகு மாதிரியை மெல்ல எடுத்துவிட்டால் மணலுக்குள் அதே வடிவத்தில் வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் உருகிய உலோகத்தை வார்ப்பது.

மணலில் எவ்வளவு ஈரம் வேண்டும்? தாய்மார்களே, புட்டுக்கு மாவு பிசறுவீர்களே, அதே பதம்தான். கையால் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உலகமெங்கும் வார்ப்படத் தொழிலாளர்கள் ஒரு கை மணலை அள்ளிப் பிடித்துப் பார்த்தே பதம் சொல்லுகிறார்கள். ஈரம் குறைந்தால் அச்சு சரிந்துவிடும். கூடினால் நீராவி கிளம்பி, ஆப்பத்தில் இருப்பதுபோல வார்ப்படத்திலும் பொத்தல் விழும். ஆப்பத்துக்குப் பொத்தல் அழகு. வண்டிச் சக்கரத்தின் அச்சாணியில் பொத்தல் இருந்தால் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு நுட்பமும் உண்டு. உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகவே மரமாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்வார்கள். வார்ப்பிரும்புக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கும், எஃகுக்கு ஏறக்குறைய 2 பங்கும் பெரிதாக்க வேண்டும். தையற்காரர் துவையலில் சுருங்கும் துணிக்கு இடம் விட்டு வெட்டுவதைப் போன்றதே இது.

உலையிலிருந்து உருகிய உலோகத்தை ஏந்தி வந்து அச்சில் ஊற்றும் பெரிய பாத்திரத்தை ஆங்கிலத்தில் லேடில் என்கிறார்கள். அகப்பை என்று பொருள். பல டன் எடையுள்ள நெருப்புக் குழம்பைச் சுமக்கும் அந்தப் பாத்திரத்துக்கு ஆங்கிலேயரும் சமையலறைப் பெயரைத்தான் வைத்தார்கள். இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெழுகு போன வழி

வார்ப்பு என்றதும் சுவாமிமலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கும்பகோணத்துக்கு அருகே உள்ள அந்த ஊரில் சிற்பிகள் இன்றும் ஐம்பொன் திருவுருவங்களை வார்க்கிறார்கள். முதலில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மென்மையாகப் பூசி, உலர்த்தி, மேலும் மேலும் மண் அப்பிக் கம்பியால் கட்டுவார்கள். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகு இருந்த இடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து உருவத்தை எடுப்பார்கள்.

அச்சை உடைத்துவிடுவதால் ஓர் உருவத்தைப் போல இன்னொன்று அச்சு அசலாக வருவதில்லை. ஒவ்வொன்றும் தனிப் பிறவி. செலவாகும் உலோகத்தின் எடை மெழுகின் எடையைப்போல் எட்டு ஒன்பது மடங்கு இருக்கும். ஆகவே மெழுகுருவை நிறுத்துப் பார்த்தே எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று சிற்பி கணக்குப் போட்டுவிடுவார்.

உருக்கு கடல் கடந்த கதை

எஃகுக்குத் தமிழில் இன்னொரு பெயர் உருக்கு. வெண்ணெயை உருக்கு என்று சொல்கிறோமே, அதே சொல்தான். இரும்பை உருக்கி எடுத்ததால் உருக்கு.

தமிழகத்தில் சேலம் பக்கத்திலும், மைசூர், தெலுங்கானா நாடுகளிலும் பழங்காலத்தில் ஒரு முறை இருந்தது. தேனிரும்புத் துண்டுகளைச் சிறிய மண் கிண்ணத்தில் போடுவார்கள். பொற்கொல்லர் பொன் உருக்குவதைப் போன்ற அந்தக் கிண்ணத்துக்கு மூசை என்று பெயர். அதனுள் ஆவாரங்கட்டைச் சிராயையும் எருக்கிலையையும் வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் துருத்தியால் ஊதுவார்கள் என்று அக்கால ஆங்கிலேயர் குறித்து வைத்திருக்கிறார்கள். கட்டையும் இலையும் மந்திரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. மூடிய மூசைக்குள் அவை கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறியது. கரி ஏறிய இரும்பு எஃகு ஆயிற்று. அன்றைய கொல்லருக்கு வேதியியல் பாடம் கிடையாது. ஆனால் எந்த இலை, எத்தனை கட்டை, எவ்வளவு நேரம் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

ஈரோட்டுப் பக்கம் நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் கொடுமணலில் நடந்த அகழாய்வில் பழைய இரும்பு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் எஃகு உருக்கிய மூசைத் துண்டுகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. சிவகளை முதலிய இடங்களின் சான்றுகளைக் கொண்டு, தமிழகத்தில் இரும்பு 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது என்று அது கூறுகிறது. இதுபற்றி அறிஞர்களிடையே ஆராய்ச்சி தொடர்கிறது.

தென்னிந்திய எஃகின் புகழ் அரபு நாடுகள் வரைக்கும் பரவியிருந்தது. பிறகு அதன் மாதிரிகள் இலண்டனுக்குப் போயின. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் அதைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அந்த எஃகுக்கு வழங்கிய பெயர் "வூட்ஸ்". கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு உக்கு என்று பெயர். தமிழில் உருக்கு. இந்தச் சொல்தான் ஆங்கிலேயர் வாயிலும் எழுத்திலும் சிதைந்து வூட்ஸ் ஆயிற்று என்பது அறிஞர் பலருடைய கருத்து. இன்றும் உலகெங்கும் உலோகவியல் நூல்களில் அந்தப் பெயரே நிற்கிறது.

மின்சாரத்தில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடே தெரியுமல்லவா? அவருடைய தகப்பனார் ஒரு கொல்லர். அந்தக் கொல்லர் மகன் 1820 வாக்கில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளியோடு சேர்ந்து இந்த வூட்ஸ் எஃகை ஆராய்ந்தார். அதைப்போல ஓர் எஃகைத் தாமே செய்ய முடியுமா என்று வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார். பல்வகை எஃகுக் கலவைகளைப் பற்றிய முறையான ஆராய்ச்சிக்கு அது ஒரு தொடக்கமாக அமைந்தது. பிற்காலத்தில் 1913-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் எஃகில் குரோமியம் கலந்து துருவேறா எஃகு செய்தார். நம் வீட்டு எவர்சில்வர் அந்த வகையைச் சேர்ந்தது.

அப்படியானால் அந்தப் பழந்தொழில் ஏன் அழிந்தது? சிறுகச் சிறுகச் செய்த மூசை எஃகு, ஆலைகள் மலிவாகச் செய்து குவித்த எஃகோடு போட்டியிட முடியவில்லை. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கிச் சேலத்துத் தாதுவை உருக்கிப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை. ஆலை போயிற்று, பட்டறை போயிற்று, உருக்கு என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது.

நம் மலேசிய மண்ணில்

இரும்புக் கதை தமிழகத்துக்கு மட்டும் உரியது அன்று. கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கை அடுத்த சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழாய்வு செய்தார்கள். இரும்பு உருக்கிய உலைகள், குவியல் குவியலாகக் கசடு, துருத்திக் காற்று போவதற்கான சுடுமண் குழல்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. நம் ஊதாங்குழலின் அண்ணன் தம்பி போலவே அந்தக் குழல்கள் இருக்கும். கடாரம் என்று நம் முன்னோர் பாடிய நாட்டில், பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இரும்பு உருக்கி இருக்கிறார்கள். எல்லாம் நம்மவர் செய்ததே என்று மார்தட்ட வேண்டாம். இந்த மண்ணிலும் இது பழந்தொழில் என்று தெரிந்துகொண்டால் போதும்.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. 1961-இல் நிறுவப்பட்டு 1967-இல் பிறையில் வேலை தொடங்கிய மலாயாவாத்தா எஃகாலையில், ஊதுலைக்கு நிலக்கரியை நம்பாமல் ரப்பர் மரத்தைச் சுட்டெடுத்த கரியைப் பயன்படுத்தினார்கள். பால் வற்றி மறுநடவுக்காக வெட்டி வீழ்த்திய மரங்கள் கரியாகி, அந்தக் கரியால் இரும்பு பிறந்தது. நம் தாய் தந்தையர் விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய மரமே பின்னர் இந்நாட்டின் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் கம்பியாகி நின்றிருக்கலாம். இதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

மூன்று மொழியும் மூன்று சாவி

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். பையனுடைய புத்தகத்தில் வார்ப்பிரும்புக்கு "பெசி துவாங்" என்று இருக்கிறது. பெசி என்றால் இரும்பு, துவாங் என்றால் ஊற்று. நாம் வார் என்கிறோம், மலாயில் துவாங் என்கிறார்கள். எண்ணம் ஒன்றே. தேனிரும்புக்கு "பெசி தெம்பா". தெம்பா என்றால் காய்ச்சி அடித்தல். எஃகுக்குக் "கெலூலி". துருவேறா எஃகுக்குக் "கெலூலி நிர்காராட்". காராட் என்றால் துரு. நிர் என்றால் இல்லாதது. நிர்மலம் என்று நாம் சொல்லும் நிர்தான் அது. உலைக்கு "ரெலாவ்", கசடுக்குச் "சங்கா".

அச்சுக்கு மலாய்ச் சொல் என்ன தெரியுமா? "அச்சுவான்". பாலு பலகாரம் சுடும் பித்தளை அச்சைக் கடையில் அச்சுவான் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். நம் அச்சு என்னும் சொல்லே மலாய்க்குப் போய் அச்சுவான் ஆயிற்று என்று சொல்லுகிறார்கள். உலோகத்துக்கு அவர்கள் சொல்லும் "லோகாம்" நம் உலோகத்தோடு உறவுடையது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே பையனிடம், "தமிழை மறந்துவிட்டு மலாயைப் படி" என்றோ, "மலாயை விட்டுவிட்டுத் தமிழைப் பிடித்துக்கொள்" என்றோ சொல்ல வேண்டியதில்லை. தேர்வு எழுத மலாய் வேண்டும். இயந்திரத்தின் மேல் உள்ள எழுத்தைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். மனத்தில் பொருள் பதியத் தாய்மொழி வேண்டும். கசடு என்ற சொல்லைத் தாய் சொல்ல, சங்கா என்று மகன் சொல்ல, ஸ்லாக் என்று இயந்திரம் சொல்ல, மூன்றும் ஒன்றே என்று அறிந்த பிள்ளை பாடத்தை மறக்க மாட்டான்.

சொல் தெரியாவிட்டால் என்ன கேடு?

"பேர் தெரியாவிட்டால் என்ன, வேலை தெரிந்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். ஒன்று சொல்லுகிறேன், கேளுங்கள்.

தண்ணீர் ஆவியானால் அது முன்னிருந்த இடத்தைப்போல் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். திறந்த பானையில் கொதிக்கும்போது ஆவி மேலே போய்விடும், தொல்லை இல்லை. ஆனால் நனைந்த பழைய இரும்பை உருகிய உலோகத்துக்குள் போட்டால் என்ன ஆகும்? இரும்புக்குள் ஒளிந்திருந்த நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி, மேலே இருக்கும் நெருப்புக் குழம்பை வெடிகுண்டு போலத் தூக்கி எறியும். சூடான எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கை சுடுகிறதே, அது சிறிய பாடம். வார்ப்படச் சாலையில் அதுவே உயிர் குடிக்கும் பாடம். அதனால்தான் அங்கே அகப்பையையும் கருவிகளையும் முன்கூட்டியே காயவைக்கிறார்கள். மழையில் நனைந்த இரும்பை உலர்த்தாமல் உலையில் போடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

அந்த விதி எழுதிய பலகையில் "ஈரம்" என்பதற்கு இருக்கும் சொல் புரியாமல் ஒரு பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால்? ஈரத்துக்கு மலாயில் "லெம்பாப்", நனைந்ததற்குப் "பாசா", வெடிப்புக்கு "லெதுப்பான்", ஆபத்துக்குப் "பஹாயா". இந்த நான்கையும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். தொழிலில் ஒரு சொல்லின் பொருள் தெரிவது சில வேளைகளில் உயிரைக் காக்கும் கவசமாகும்.

இரும்பு வேலைக்குப் போகாதவர்களுக்கும் ஒரு பயன் சொல்லுகிறேன். கொல்லன் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பான். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர், சிலர் துவைச்சல் என்பார்கள். இதனால் எஃகு கடினமாகும், ஆனால் கண்ணாடி போல முறியும் தன்மையும் வரும். அதைத் தணிக்க மறுபடியும் இலேசாகச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துவான். பதம் என்பது அந்த நிறத்தில்தான் இருக்கிறது. நாம் இப்போது கவ்வாத்துக் கத்தியையும் பாராங்கையும் மின்சாரச் சாணைக் கல்லில் பிடித்து அழுத்துகிறோம். ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால் கொல்லன் வைத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிலைக்காது. ஆகவே பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு, சூடேறுமுன் அடிக்கடி நனைத்து நனைத்துத் தீட்டுங்கள். கத்தி நீடிக்கும், கையும் சோராது.

வீட்டுப்பாடம்

பெற்றோர்களே, இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதில் பிள்ளைகளை அழைத்து ஒரு காந்தத்தைக் கையில் கொடுங்கள். வீட்டைச் சுற்றி வந்து இரும்பு எது, வார்ப்பிரும்பு எது, எஃகு எது, பித்தளை எது என்று எழுதச் சொல்லுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களில் சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. ஏன் என்று பிள்ளை கேட்கும். நிக்கல் என்ற உலோகத்தைப் போதிய அளவு கலந்த வகையில் ஒட்டாது என்று சொல்லுங்கள். பித்தளையிலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டவே ஒட்டாது. பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு ஒவ்வொன்றின் பெயரையும் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரிந்த சொல் வரும்போது, "எனக்கு ஒன்றும் தெரியாது, சாரைக் கேள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உலை, கசடு, அச்சு, வார்ப்பு, உருக்கு, தோய்ச்சல், பதம் ஆகிய ஏழும் உங்கள் வாயில் பழகிய சொற்கள். பிள்ளை அவற்றை முதலில் உங்களிடமிருந்து கேட்கட்டும். ஆலையின் வாசலில் போய் நிற்கும்போது அது அந்நிய இடமாக அவனுக்குத் தோன்றாது.

அடுத்த இதழில் வேறொரு சொல்லோடு சந்திப்போம். உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ வழங்கும் பழைய தொழிற்சொற்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.